புல் மஞ்சளுக்குப் பெயர் போடும்முன்

ஒகேனக்கல் ஆற்றோர ஈரமணலில் கூட்டமாக இறங்கும் சிறு மஞ்சள் பட்டாம்பூச்சிகளைப் படம் எடுத்து, அத்தனைக்கும் ‘காமன் கிராஸ் யெல்லோ’ (சாதாரணப் புல் மஞ்சள்) என்று பெயர் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே அமைந்துவிடும். அதனால்தான் இந்தப் பழக்கம் திருந்துவதில்லை. யூரிமா என்ற இந்தப் பேரினத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டிய இனங்கள் ஹெகாபே (இதுதான் காமன் கிராஸ் யெல்லோ), பிளாண்டா, பிரிஜிட்டா, லேடா.

மஞ்சளின் அடர்த்தியை வைத்து இனம் பிரிப்பதுதான் பெரிய கோளாறு. ஒரே ஹெகாபே மழைக்காலத்தில் சிறகோரம் அகலமான கறுப்போடு வரும். வறண்ட மாதங்களில் கறுப்பு மெலிந்து, அடிப்புறத்தில் துருநிறத் திட்டுகள் ஏறிவிடும். ஐப்பசிப் படத்தையும் மாசிப் படத்தையும் அருகருகே வைத்தால் இரண்டும் வேறு இனம் என்று சத்தியமே செய்யலாம்.

மேற்புறம் தெரியட்டும் என்று காத்திருப்பதும் வீண். உட்கார்ந்தால் இவை சிறகை மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் நின்று அடிப்புறத்தைக் கூர்மையாக எடுங்கள். முன்சிறகில் நரம்புகள் சூழ்ந்த ஓர் அறை இருக்கிறது. அதற்குள் மூன்று புள்ளிகள் இருந்தால் பிளாண்டா. இரண்டு என்றால் வழக்கமாக ஹெகாபே. ‘வழக்கமாக’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புள்ளி மங்கிய ஹெகாபேக்களும் உண்டு. ஒற்றைப் புள்ளியைக் கண்டதும், தருமபுரி வத்தல்மலையில் ஒற்றைப் புள்ளி இனமான ஆண்டர்சோனி கிடைத்துவிட்டது என்று அறிவித்துவிட வேண்டாம். லேடாவின் முன்சிறகு நுனி வட்டமாக இல்லாமல் முனையாக நிற்கும். வறண்ட காலத்தில் பின்சிறகின் அடியில் செம்பழுப்புக் கோடுகள் ஓடும். பறக்கும் படம் தப்பித்தவறிக் கிடைத்தால் கறுப்பு விளிம்பைப் பாருங்கள்: பிரிஜிட்டாவில் உள்ளோரம் சீராக வளையும், ஹெகாபேயில் குடைந்ததுபோல் இருக்கும்.

ஐயமிருந்தால் ‘யூரிமா’ என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் மானக்குறைவு ஏதுமில்லை. தவறான இனப்பெயர் மாவட்டப் பட்டியலில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

சிறகைப் பார்த்துக் குழம்பியவர்கள் கொன்றை வகைகளிலும் கொடுக்காப்புளியிலும் முட்டையைத் தேடலாம். ஹெகாபே தனித்தனியாக இடும். பிளாண்டா கொத்தாக இடும். அதன் புழுக்களும் கூட்டமாகவே தின்னும், தலை கறுப்பாக இருக்கும். ஹெகாபே புழுவுக்குத் தலையும் பச்சை. ஆனால் ஆவாரையில் காணும் பச்சைப் புழுவெல்லாம் புல் மஞ்சளாகிவிடாது. உருவில் பெரிய எமிகிரன்ட் வகைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களும் அங்கே வளர்கின்றன. புழுவை வீட்டில் வளர்த்துப் பார்ப்பதென்றால், பூச்சிமருந்து தெளித்த வயலோரத்துக் கிளையை மட்டும் ஒடித்து வந்துவிடாதீர்கள்.