எந்த பெல்லட் உங்க துப்பாக்கிக்கு ஒத்துவரும்? மூக்கு, எடை, ஊடுருவல் எல்லாத்தையும் நீங்களே சோதிச்சு பாக்குற வழி

ஏர்கன்ல போடுற சின்ன ஈயக் குண்டுல, அதாவது பெல்லட்ல, கூர் மூக்கு உள்ளதுதான் ஆழமா பாயும்னு நம்புறவங்க நம்ம பக்கம் நிறைய பேரு. டின் மேல கூரா ஒரு படம், பக்கத்துல ஒரு முயல் படம், பேரும் கொஞ்சம் மிரட்டலா இருக்கும், அத பாத்துட்டு வாங்கிடுறது. ஆனா 12 அடி-பவுண்டு சக்தி உள்ள ஒரு ஏர் ரைபிள்ல, 25 மீட்டருக்கு அந்தப் பக்கம், கூர் மூக்குதான் பெரும்பாலும் கடைசியில வரும். ஏன்னு சொல்றேன், அதோட உங்க பேரலுக்கு, அதாவது துப்பாக்கிக் குழலுக்கு, எது சரின்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னும் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி சட்டத்த பத்தி கொஞ்சம், இத தாண்டி போயிடாதீங்க. 'செனாப்பாங் ஆங்கின்தானே, இதுல என்ன இருக்கு'ன்னு பேசுறவங்க கேட்டுக்குங்க, மலேசியாவுல 1960 ஆயுதச் சட்டப்படி ஏர்கன்னும் ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாம கையில வச்சிருந்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் போடலாம். ஆன்லைன்ல பார்சல் போட்டு வரவழைக்கிறது, தாய்லாந்து போனப்ப வாங்கிட்டு வர்றது, இந்த வேலையே வேணாம். காட்டு மிருகம், பறவைன்னா 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியா இருக்கு, அத பெர்ஹிலித்தான்னு சொல்ற வனவிலங்கு இலாகா பாத்துக்குது. தோட்டத்துல பன்னி தொல்லை தாங்கலன்னு ஏர்கன் கேக்குறவங்களுக்கும் ஒரே பதில், சாதாரண ஏர்கன் பன்னிய சாவடிக்காது, காயம்தான் பண்ணும், அது ஓடிப்போய் எங்கயோ நாள் கணக்கா வலிச்சு சாகும். எலிக்குன்னா நம்ம செம்பனை தோட்டத்துக்காரங்க ஆந்தைக்கு பெட்டி கட்டி வச்சு அதுங்கள வளத்து விடுறாங்க, துப்பாக்கிய விட அது நல்ல ஏற்பாடு.

அப்ப இத யாருக்கு எழுதுறேன்னா, லைசென்ஸோட சுபாங் ரேஞ்ச் பக்கம் போய் சுடுற நம்ம ஆளுங்களுக்கு, அப்புறம் இங்கிலாந்துல போய் செட்டிலாகி பண்ணைக்காரன்கிட்ட பர்மிஷன் வாங்கி முயல், எலி, காட்டுப்புறா சுடுற மச்சான் தம்பிங்களுக்கு. அங்க 12 அடி-பவுண்டுக்கு உள்ள இருக்குற ரைபிளுக்கு 18 வயசு ஆனவங்களுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்க, ஆனா ஸ்காட்லாந்துல 2016 கடைசியிலேர்ந்து சர்டிபிகேட் எடுக்கணும். ஆஸ்திரேலியாவுல இருக்குறவங்களுக்கு லைசென்ஸ் கண்டிப்பா வேணும்.

சரி, பெல்லட்டுக்கு வருவோம். முன்னாடி கனமான தல, நடுவுல ஒடுங்குன இடுப்பு, பின்னாடி உள்ளீடில்லாத பாவாடை, இதுதான் வழக்கமான பெல்லட். பூப்பந்து மாதிரிதான் வேல செய்யுது, தல முன்னாடி இழுக்கும், பாவாடை பின்னாடி காத்த புடிச்சு நேரா வச்சுக்கும், அதோட பேரல்ல இருக்குற வரி அத சுழற்றி விடும். பாவாடை ஓரம் ரொம்ப மெலிசு, சுடும்போது காத்து அழுத்தத்துல விரிஞ்சு பேரல் சுவத்தோட ஒட்டிக்கும், அதனாலதான் பாவாடை லேசா நசுங்குன பெல்லட் கூட எங்கயாவது தனியா போய் விழும்.

தட்டை மூக்கு, அதாவது வாட்கட்டர், பேப்பர்ல வட்டமா சுத்தமா ஓட்டை போடும், ஸ்கோர் எண்ண சுலபம். 10 மீட்டர் போட்டியில எல்லாரும் இததான் போடுறாங்க, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல எட்டு மாச கர்ப்பத்தோட நம்ம நூர் சூர்யானி தாய்பி சுட்டதும் அந்த 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியிலதான். ஆனா தட்டையான முகம் காத்துல முட்டி வேகத்த சீக்கிரம் விட்டுடும், 20 மீட்டர் தாண்டினா குரூப், அதாவது ஒரே குறிக்கு சுட்ட குண்டெல்லாம் விழுற கூட்டம், விரிய ஆரம்பிக்கும். ஒரு கொட்டகைக்குள்ள 10 மீட்டர்ல எலி சுடுறவனுக்கு இது நல்லாவே போதும், நல்ல அடி, அந்தப் பக்கம் துளைச்சுட்டும் போகாது.

உருண்டை மூக்கு, டோம், இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை. காத்த அதிகமா எதிர்க்காது, தூரத்துல வேகத்த காப்பாத்தும், அச்சுல அழுத்தி செய்யும்போது மூக்கு நடுவுல சரியா வர்றதும் இதுலதான் சுலபம். ஜேஎஸ்பி எக்ஸாக்ட், ஹெச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராஃபி, ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம் எல்லாமே இந்த ஜாதி.

கூர் மூக்குல ரெண்டு தொல்லை. அந்த முனை ஒரு துளி ஓரமா போனாலும் சுழலும்போது ஆட்டம் வந்துடும், போதாததுக்கு டின்னுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு இடிச்சு ஈயம் மழுங்கிடும். ஆழமா போகுதான்னா, டோமோட ஒப்பிட்டா சொல்லிக்கிற அளவுக்கு வித்தியாசம் இல்ல. அந்த வித்தியாசத்துக்காக குரூப்ப இழக்குறது நஷ்டம்.

ஹாலோ பாயிண்ட், அதாவது மூக்குல ஓட்டை உள்ளது, அதுதான் நிறைய வாக்குவாதம் பண்ண வைக்கும். "அண்ணே, உள்ள போனதும் பூ மாதிரி விரியுமாமே, அப்ப அதானே பெஸ்ட்?"னு ஒரு தம்பி மாமாக் கடையில கேட்டான். விரியும்தான் தம்பி, ஆனா போய் சேர்ற வேகம் இருந்தாதான். 12 அடி-பவுண்டு ரைபிள்ல கிட்டத்துல சுட்டா கொஞ்சம் வாய் திறக்கும், 30 மீட்டர் போகும்போது பல பெல்லட் போன மாதிரியே உள்ள கிடக்கும். அப்ப நமக்கு கிடச்சது என்ன, குறைஞ்ச துல்லியம் மட்டும்தான். விதிவிலக்கா கிராஸ்மேன் பிரீமியர் ஹாலோ பாயிண்ட்ல ஓட்டை சின்னதா இருக்கு, அது கிட்டத்தட்ட டோம் மாதிரியே பறக்கும், விலையும் கம்மி. 30 அடி-பவுண்டுக்கு மேல போற பிசிபி, அதாவது முன்னாடியே காத்த அடைச்சு வச்சு சுடுற துப்பாக்கி, வச்சிருக்கவங்களுக்கு ஹாலோ பாயிண்ட் கணக்கு மாறும், அங்க விரியறதுக்கு சக்தி இருக்கு.

பிளாஸ்டிக் மூக்கு வச்சது, உலோகக் குண்டு வச்சது எல்லாம் பாக்க அழகா இருக்கும், விலையும் அழகா இருக்கும், அவ்வளவுதான் சொல்லுவேன். ஸ்லக்குன்னு ஒண்ணு இருக்கு, இடுப்பே இல்லாத சின்ன தோட்டா, பலமான பிசிபியும் பொருத்தமான பேரலும் இருந்தா தூரத்துல பிரமாதம், சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியில போட்டு காச வீணாக்காதீங்க. ஈயம் இல்லாத அலாய் பெல்லட் லேசானது, பெட்டி மேல 1,000 அடி வேகம்னு போட்டிருக்குற நம்பர் பெரும்பாலும் இத போட்டு எடுத்ததுதான். ஒலியோட வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி, அத நெருங்கும்போது பெல்லட் தடுமாறும், தாண்டினா டமார்னு சத்தமும் வரும். 900 அடிக்கு கீழ வச்சுக்கிறதுதான் துல்லியத்துக்கு நல்லது.

எடை விஷயத்துல ஒரு சின்ன கணக்கு போட்டுடுவோம். பெல்லட் எடைய கிரெயின்ங்குற சின்ன எடை அளவுல எடுத்து, வேகத்த வினாடிக்கு எத்தன அடின்னு எடுத்து அத அதாலேயே பெருக்கி, ரெண்டையும் பெருக்கி 450,240 ஆல வகுத்தா அடி-பவுண்டு வரும். .22 காலிபர்ல, அதாவது பேரலோட உள் அகலம் .22 இஞ்ச்ல, ஜேஎஸ்பி 15.89 கிரெயின் பெல்லட் 580 அடி வேகத்துல போனா 11.9. .177 ல 8.44 கிரெயின் 790 அடி வேகத்துல போனா 11.7. சக்தி ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா .177 குறுகலா இருக்குறதால அதே சக்தி சின்ன இடத்துல இறங்குது, கொஞ்சம் ஆழமா போகும், பாதையும் நேரா இருக்கும், தூரம் தப்பா கணிச்சாலும் மன்னிக்கும். .22 வில்லா வளைஞ்சு போகும், ஆனா ஓட்டை பெருசு, கனம் அதிகம்ங்குறதால காத்துல கொஞ்சம் கம்மியா ஒதுங்கும். முயலுக்கு .22 ன்னு சொல்றவனும் சரி, .177 ன்னு சண்டை போடுறவனும் சரி, தூரத்த சரியா கணிக்கிற ஆள் எதுல வேணா சுடலாம்.

கனமான பெல்லட் போட்டா ஆழமா போகும்னு ஸ்பிரிங் துப்பாக்கியில 21 கிரெயின் பாரகூடா பெல்லட் போடுறவங்க இருக்காங்க, ஸ்பிரிங்குல கனம் கூடக்கூட சக்தி குறையத்தான் செய்யும், பிசிபியிலதான் கனம் கூடினா சக்தி ஏறும். ஸ்பிரிங்குன்னா .22 ல 14 லேர்ந்து 16 கிரெயின், .177 ல 8 கிரெயின் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க.

இப்ப சோதனை. வேற வேற கம்பெனியில மூணு நாலு டின் டோம் வாங்கிக்குங்க, முடிஞ்சா தல அளவு மாறுனது ஒண்ணும், அதாவது 5.50 மிமீ ஒண்ணு, 5.52 ஒண்ணு. இந்த 0.02 மிமீ பெரிய விஷயமான்னு கேக்காதீங்க, சில பேரலுக்கு அதுதான் விஷயமே. வெள்ளத் துணியில டின்ன கொட்டி பாவாடை நசுங்குனத ஒதுக்குங்க. பேரல்ல ஒரு தடவ துணி இழுத்துட்டு, ஒவ்வொரு புது பெல்லட்டுக்கும் முதல் பத்து பதினஞ்சு குண்டு கணக்குல சேக்காதீங்க, முன்னாடி போன பெல்லட்டோட ஈயப்பூச்சு மாறி புதுசு படியணும், அதுக்கு முன்னாடி எடுத்த குரூப் பொய் சொல்லும்.

தூரம் 25 மீட்டர், காத்து இல்லாத நேரம். 10 மீட்டர்ல எல்லா பெல்லட்டும் நல்ல பிள்ளதான், வித்தியாசமே தெரியாது. நம்ம ஊருல மத்தியானம் மழைக்கு முன்னாடி காத்து சுத்தும், காலையிலயே முடிச்சுடுங்க. மூணு குண்டு குரூப் அதிர்ஷ்டத்துலயும் வரும், அஞ்சு அஞ்சா சுடுங்க, ஒவ்வொரு பெல்லட்டுக்கும் நாலஞ்சு குரூப், அதுவும் மாத்தி மாத்தி இல்லாம ஒண்ண முடிச்சுட்டு அடுத்தது. பேப்பருக்கு பின்னாடி கெட்டி அட்டை வைங்க, இல்லன்னா டோம் கிழிச்ச ஓட்டை சுருங்கி அளக்க முடியாது. ரெண்டு தூரமான ஓட்டையோட வெளி ஓரத்துலேர்ந்து வெளி ஓரம் அளந்து, அதுல காலிபர கழிச்சுடுங்க, .22 ன்னா 5.5 மிமீ. ஸ்பிரிங் ரைபிள மட்டும் பெஞ்சுல அழுத்தி வைக்காதீங்க, உள்ளங்கையில லேசா உக்கார வச்சு அது இஷ்டத்துக்கு குதிக்க விடுங்க, இறுக்கி புடிச்சா நல்ல பெல்லட்டும் கெட்டதா தெரியும்.

முயலோட மூளைப் பகுதி ஏறக்குறைய 25, 30 மிமீ அகலம்தான். உங்க குரூப் எந்த தூரத்துல அதுக்குள்ள அடங்குதோ அதுதான் உங்க வேட்டை தூரம், டின் மேல என்ன எழுதியிருந்தாலும் சரி. அதுவும் பெஞ்சுல இல்ல, முழங்கால் போட்டு சுடுறப்ப.

ஊடுருவலுக்கு கட்டி சவுக்காரம் போதும், துணி துவைக்கிற நீளக் கட்டி. எல்லாம் ஒரே பிராண்ட், ஒரே நாள் வாங்குனது, ரெண்டு மூணு கட்டிய வரிசையா ஒட்டி வச்சு பின்னாடி தடிமனா பெல்லட் பிடிக்கிற பெட்டி, கண்ணாடி போடாம சுடாதீங்க. 12 அடி-பவுண்டு .22 பெல்லட் 30 மீட்டர் போறதுக்குள்ள சக்தியில நாலுல ஒரு பங்கு போயிடும், அதனால பேரல் வாய்கிட்ட வச்சு சோதிச்சு பெருமப்படாதீங்க, நீங்க வேட்டையாடுற தூரத்துல வச்சு சுடுங்க. அப்புறம் கத்தியில நீளவாக்குல அறுத்து பாருங்க. டோம் போன வழி உள்ள வரைக்கும் ஒரே அகலத்துல ஒல்லியா ஓடும், கடைசியில பெல்லட் மூக்கு லேசா தட்டையாகி, பேரல் வரி ஓரத்துல கோடு கோடா பதிஞ்சு கிடக்கும். வாட்கட்டர் வாய்ப்பக்கம் அகலக் குழி பண்ணிட்டு சீக்கிரம் நின்னுடும். ஹாலோ பாயிண்ட நகத்தால நோண்டி எடுத்து வாய பாருங்க, விரிஞ்சிருக்கா இல்ல சவுக்காரம் அடைச்சுட்டு அப்படியே இருக்கான்னு. அந்த ஒரு பார்வையிலயே உங்க துப்பாக்கிக்கு ஹாலோ பாயிண்ட் வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணிடலாம்.

சவுக்காரம் சதை இல்ல, எலும்பும் இல்ல, இது ஒண்ண ஒண்ணோட ஒப்பிட மட்டும்தான். ஆனா ஒப்பிட்டு பாத்தா தெரியும், மூக்கு வடிவம் குடுக்குற வித்தியாசத்த விட எங்க படுதுங்குறது குடுக்குற வித்தியாசம் பல மடங்கு. ஒரு இஞ்ச் தள்ளி பட்ட ஆழமான பெல்லட் முயல முடமாக்கும், சரியா தலையில பட்ட சாதாரண டோம் அந்த இடத்துலயே முடிச்சுடும். அதனால குரூப்ல ஜெயிச்சது எதுவோ அத எடுங்க, ரெண்டு பெல்லட் குரூப்ல சமமா வந்தா மட்டும் சவுக்காரத்த கேளுங்க.

ஜெயிச்ச பெல்லட்ட வாங்கும்போது டின் பின்னாடி இருக்குற பேட்ச் நம்பர பாத்து அதே நம்பர்ல நாலஞ்சு டின் சேத்து எடுங்க, பேட்ச் மாறினா அச்சும் மாறியிருக்கலாம், அப்ப திரும்ப பேப்பர்ல போட்டு பாக்கணும். நம்ம கோலாலம்பூர் ஈரத்துக்கு ஈயத்து மேல வெள்ளையா மாவு படியும், இறுக்கி மூடுற டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டு வைங்க, வெள்ள படிஞ்சத சுடாதீங்க, ஊதவும் வேணாம், அது ஈயத் தூசி. ரேஞ்சுலேர்ந்து வந்ததும் சவுக்காரம் போட்டு கை கழுவிட்டு அப்புறம் ரொட்டி சானாய் சாப்பிடுங்க, பெல்லட்ட வாயில கவ்விக்கிட்டு லோட் பண்ற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க.