பட்டாளத்தில் இருப்பவருக்கு ஒரு கடிதம்

பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைக்கோ தம்பிக்கோ தெம்பு கொடுக்க நினைத்தால், போனை மட்டும் நம்பாதீர்கள். மலை முகாம்களில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. கடிதம் போடுங்கள். ராணுவ எண், பதவி, பெயர், யூனிட், அப்புறம் '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்; இரண்டில் எது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்), 9-இல் தொடங்கும் பின்கோடு. இவ்வளவுதான் முகவரி, ஊர்ப் பெயர் எழுதக் கூடாது.

'தைரியமாக இரு' என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், அதை அங்கே ஹவில்தாரே தினமும் சொல்லுவார். மாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டுச் சண்டை, திருவிழாவில் யார் கரகம் எடுத்தார்கள் என்று ஊர்க்கதை எழுதுங்கள். தேதியோடு வரிசை எண்ணும் போடுங்கள். சில சமயம் மூன்றாவது கடிதம் முதலில் போய்ச் சேரும். கடன் தொல்லையை மட்டும் அவர் லீவில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.