அடிக்கடி நின்ற எலிவேட்டர் மோட்டார்: என் அனுபவம்

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையொன்றில் பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளராகப் பணியாற்றுகிறேன். பெரும்போக அறுவடை முடிந்து நெல் லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும் காலத்தில், நெல்லை மேலேற்றும் எலிவேட்டரின் மோட்டார் திரும்பத் திரும்ப நின்றது. "ஓவர்லோட் ரிலேயின் அளவைக் கூட்டி வையுங்கள், ஓடினால் போதும்" என்பதே முகாமையாளரின் கட்டளை. மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்திக் காக்கவே பொருத்தப்பட்ட ரிலேயை ஏமாற்றச் சொல்வது எங்கள் தொழிலின் தீராத வேதனை. மோட்டார் எரிந்தால் பழியும் எங்கள் தலையில்தான் விழும்.

நான் மறுத்து, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் கிளாம்ப் மீட்டரால், மோட்டாருக்கு மின்சாரம் தரும் மூன்று பேஸ் கம்பிகளையும் ஓட்டத்திலேயே அளந்தேன். இரண்டில் மின்னோட்டம் மோட்டாரின் பெயர்ப்பலகையில் குறித்த அளவைத் தாண்டியிருந்தது. மூன்றாவதில் விட்டு விட்டு ஒன்றுமேயில்லை. 400 வோல்ட் மும்முனை மோட்டாரில் ஒரு பேஸ் அறுந்தால், அதே சுமையை இழுக்க மற்ற இரண்டிலும் மின்னோட்டம் சுமார் 1.7 மடங்காகும்.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, மின்சாரம் இல்லையென்று சோதித்த பின் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கொன்டக்டரைத் திறந்தபோது, மூன்றாவது பேஸின் தொடுமுனை கருகிக் குழிவிழுந்து, அதன்மேல் உமித்தூசி அப்பியிருந்தது. கொன்டக்டரை மாற்றி, பெட்டிக் கதவின் கிழிந்த இறப்பரையும் புதுப்பித்து, ரிலேயைப் பெயர்ப்பலகை அளவிலேயே வைத்தேன். மூன்று பேஸ்களும் சமமாகக் காட்டிய அளவீடுகளைப் பதிவேட்டில் எழுதி, முகாமையாளரிடம் கையொப்பமும் பெற்றுக்கொண்டேன்.