டிஎன்எஸ்செக் பாலிசி: டிக் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஎன்எஸ்செக் என்பது, ஒரு தளப் பெயருக்கு வரும் டிஎன்எஸ் பதில் போலி இல்லை என்று டிஜிட்டல் கையெழுத்தால் உறுதிசெய்யும் முறை. குரூப் பாலிசியில் (ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் வசதி) ஒரு டிக் போட்டால் போதும், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் டிஎன்எஸ்செக் சரிபார்க்க ஆரம்பித்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. விண்டோஸ் கிளையண்ட் எந்தக் கையெழுத்தையும் தானே சரிபார்ப்பதில்லை. "நீ சரிபார்த்துவிட்டாயா?" என்று டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும், பதிலில் ஏடி பிட் ("சரிபார்த்துவிட்டேன்" என்று சர்வர் வைக்கும் அடையாளம்) இருந்தால் நம்பும், இல்லாவிட்டால் கையை விரித்துவிடும்.

ஆகவே முதலில் ஸோனில் (உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளின் தொகுப்பு) கையெழுத்து, அப்புறம் பெயர் தேடித்தரும் ஒவ்வொரு சர்வரிலும் டிரஸ்ட் ஆங்கர் (கையெழுத்தைச் சரிபார்க்க சர்வர் நம்பும் பொதுச் சாவி), கடைசியில்தான் பாலிசி. 'ஒவ்வொரு' என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர்களுக்கு டிஹெச்சிபி தரும் டிஎன்எஸ் சர்வர் பட்டியலில் இரண்டாவதாக ஒரு பழைய சர்வர் ஒட்டிக்கொண்டிருந்தால், காலையில் திறந்த தளம் மதியம் திறக்காது, காரணமும் லேசில் பிடிபடாது.

இன்னொன்று, ஆர்வக்கோளாறில் எல்லாப் பெயர்களுக்கும் கட்டாயம் என்று விதி எழுதுவது. இணையத்தில் கையெழுத்தில்லாத டொமைன்கள்தான் அதிகம், அவற்றுக்கு ஏடி பிட் எங்கிருந்து வரும்? உங்கள் கையெழுத்துள்ள ஸோனுக்கு மட்டும் விதி போடுங்கள். அதிலும் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் எழுதினால் பெயருக்கு முன்னால் புள்ளி வேண்டும், அதை விட்டுவிட்டால் அந்த ஒரே பெயருக்குத்தான் விதி பொருந்தும், கீழே உள்ள சர்வர் பெயர்கள் எதற்கும் பொருந்தாது.

சோதிக்க, வழக்கமான டிஎன்எஸ் தேடல் கட்டளையான என்எஸ்லுக்கப் வேண்டாம். இந்த விதிகள் பதிவாகும் பாலிசி டேபிளை அது பார்ப்பதே இல்லை. இது தெரியாமல் "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று நானே ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பவர்ஷெல்லின் ரிசால்வ்-டிஎன்எஸ்நேம் கட்டளைதான் உண்மையைச் சொல்லும்.

ஒரே டொமைன் வெளியே கையெழுத்தோடும் உள்ளே கையெழுத்தில்லாமலும் ஓடுகிறதா? வெளியே பேரன்ட் ஸோனில் (உங்கள் டொமைனுக்கு மேலே உள்ள ஸோன்) டிஎஸ் ரெக்கார்டு, அதாவது உங்கள் டொமைனில் கையெழுத்து உண்டு என்று சொல்லும் பதிவு, இருக்கும்போது, உள்ளே வரும் வெறும் பதிலைச் சரிபார்க்கும் சர்வர் போலி என்றுதான் ஒதுக்கும். உள் ஸோனுக்கும் கையெழுத்துப் போடுங்கள்.

ஆங்கரைக் கையால் ஒட்டிவிட்டு மறப்பதும் ஆபத்து. 2018 அக்டோபர் 11 அன்று டிஎன்எஸ்ஸின் உச்சியில் உள்ள ரூட் ஸோனின் சாவியே மாறியது, உங்கள் ஸோன் சாவியும் ஒரு நாள் மாறும். சர்வர் கடிகாரம், ஃபயர்வாலில் டிசிபி 53 போர்ட் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துக்குக் காலக்கெடு உண்டு, டிஎன்எஸ்செக் பதில்களும் பெரிதாக வரும்.

ஏடி பிட் வெறும் ஒரு பிட்தான், சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் புகுந்தவன் அதை மாற்றிவிடலாம். அந்த வழிக்கு ஐபிசெக் (நெட்வொர்க் போக்குவரத்தைப் பாதுகாக்கும் முறை) போடாவிட்டால் கடைசி அடி திறந்தேதான் கிடக்கும்.