ரெய்டு 5-ல ரெண்டு டிஸ்க் போச்சா? எதுவும் தட்டாம மொதல்ல இத படிங்க

லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு 5 (பல டிஸ்க்க சேத்து ஒரே அர்ரேயா கட்டுறது) ஒரு டிஸ்க் போனா தாங்கும், ரெண்டாவதும் போனா அர்ரே நின்னுடும். ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல நெஜமாவே செத்துருக்கறது கம்மி தான். ஒன்னு எப்பவோ வெளிய போயிருக்கும், அலர்ட் மெயில யாரும் பாத்துருக்க மாட்டாங்க, இன்னொன்னு லூஸ் கேபிளாலயோ ஒரு பேட் செக்டராலயோ (படிக்க முடியாத எடம்) போயிருக்கும். டேட்டா அனேகமா அப்படியே தான் இருக்கும், நாம பதட்டத்துல அடிக்கிற கமாண்ட் தான் அத காலி பண்ணும்.

அதனால எஃப்எஸ்செக் (fsck, ஃபைல்சிஸ்டத்த ரிப்பேர் பண்ற கமாண்ட்) வேணாம், எம்டிஅட்ம் (mdadm, லினக்ஸ்ல ரெய்ட கையாள்ற டூல்) கிரியேட் வேணவே வேணாம். டிஸ்க்க திரும்ப சேக்க எம்டிஅட்ம் ஆட் கொடுத்தா சில நேரம் "இத ஸ்பேராக்க மொதல்ல ஜீரோ சூப்பர்பிளாக் போடு"ன்னு அதுவே எடுத்துக் கொடுக்கும், அத நம்பி அடிச்சிடாதீங்க, அந்த டிஸ்க் அர்ரேல எந்த எடத்துல இருந்துச்சுங்கற விவரம் சூப்பர்பிளாக்ல தான் இருக்கு, அதுவே அழிஞ்சிடும்.

இப்ப ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எம்டிஅட்ம் எக்ஸாமின் ஓட்டி முழு அவுட்புட்டையும் வேற மெஷின்ல சேவ் பண்ணுங்க. அதுல பாக்க வேண்டியது ஈவென்ட்ஸ் நம்பர், அர்ரேல மாற்றம் நடக்க நடக்க ஏறுற எண்ணிக்கை. நாலு டிஸ்க்ல 48213, 48213, 48209, 31007-னு வருதுன்னு வைங்க, மூணாவது சும்மா நாலு தான் பின்னாடி, அது தேறும். 31007 எப்பவோ போன பழைய டிஸ்க், அத சேத்தா பழைய டேட்டாவும் புதுசும் கலந்து கந்தலாயிடும், கழட்டி ஓரமா வைங்க.

ஸ்மார்ட்ல (டிஸ்க்கோட சொந்த ஹெல்த் ரிப்போர்ட்) பெண்டிங் செக்டர் (படிக்க தடுமாறுற எடம்) காட்டுற டிஸ்க்க ஜிஎன்யு டிடிரெஸ்க்யூங்கற காப்பி டூல வச்சு அதே சைஸ் இல்ல பெரிய டிஸ்க்குக்கு குளோன் பண்ணுங்க, மேப்ஃபைல் (எது வரைக்கும் காப்பி ஆச்சுன்னு குறிச்சு வைக்கிற ஃபைல்) கண்டிப்பா கொடுங்க, அப்ப தான் நடுவுல நின்னாலும் விட்ட எடத்துலருந்து தொடரும். முடிஞ்சதும் ஒரிஜினல கழட்டிடுங்க, ரெண்டுலயும் ஒரே யூயூஐடி (அடையாள நம்பர்) இருக்கறதால எம்டிஅட்ம் குழம்பும். வசதி இருந்தா எல்லா டிஸ்க்கையும் குளோன் பண்ணிட்டு அதுல மட்டும் வேல பாக்கறது தான் நல்லது, காசு பாக்காதீங்க.

அப்புறம் அரைகுறையா நிக்கிற அர்ரேய ஸ்டாப் பண்ணிட்டு அந்த மூணு டிஸ்க் பேர மட்டும் கொடுத்து எம்டிஅட்ம் அசெம்பிள் ஃபோர்ஸ் அடிங்க. பெரும்பாலும் இதுலயே வந்துடும். ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணுங்க, ஃபைல்சிஸ்டம் இஎக்ஸ்டி4-னா நோலோட் ஆப்ஷனும் சேத்து, இல்லனா ஜர்னல (எழுத வேண்டிய மாற்றங்களோட பதிவு) ரீப்ளே பண்றேன்னு எழுத ஆரம்பிச்சிடும். முக்கியமான ஃபோல்டர மொதல்ல காப்பி எடுங்க.

சூப்பர்பிளாக்கே போயிருந்தா மட்டும் குளோன் மேல கிரியேட், அதுவும் அஸ்யூம் கிளீனோட, பழைய டிஸ்க் எடத்துல மிஸ்ஸிங்னு போட்டு. டிஸ்க் ஆர்டர், சங்க் சைஸ் (ஒரு டிஸ்க்ல ஒரு தடவைக்கு எழுதற துண்டோட அளவு), டேட்டா ஆஃப்செட் (டிஸ்க்ல டேட்டா ஆரம்பிக்கிற எடம்), மெட்டாடேட்டா வெர்ஷன் (சூப்பர்பிளாக்கோட வகை) எல்லாம் அச்சு அசலா பழையபடி இருக்கணும், பழைய அர்ரேல சங்க் 64கே இருந்துருக்கும், இப்ப டிஃபால்ட் 512கே, இங்க தான் நெறைய பேர் மாட்றாங்க.

புதுசா அர்ரே கட்டும்போது டைம்அவுட்டையும் பாத்துருங்க. சாதா டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு பேட் செக்டர படிக்க நிமிஷக்கணக்கா முக்கும், கர்னல் 30 செகண்டுக்கு மேல பொறுக்காது, நல்லா இருக்கற டிஸ்க்கும் வெளிய போயிடும். டிஸ்க் எஸ்சிடிஇஆர்சி (பேட் செக்டர்ல எவ்ளோ நேரம் முயலணும்னு டிஸ்க்குக்கு வைக்கிற லிமிட்) சப்போர்ட் பண்ணா 7 செகண்ட் வைங்க, இல்லனா கர்னல் டைம்அவுட்ட 180 செகண்ட் ஆக்குங்க, ரீபூட் ஆனா போயிடும், அதனால பூட் ஸ்கிரிப்ட்ல போட்டுடுங்க.