கைவிட்ட ரயில் பாதையில் நகரப் போக்குவரத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வரைபடங்களோடு வருவார்கள். ஏதாவதொரு நகரத்தின் நடுவே ரயில் ஓடாமல் கிடக்கும் பாதையில் டிராமோ பஸ்ஸோ விடுவதுதான் பயிற்சி. நாங்கள் அந்த வயதில் விட்ட அதே பிழைகள் தாளில் இருக்கும். அளவு பிழைப்பது, செலவைக் குறைத்துப் போடுவது எல்லாம் தானாகத் திருந்தும். திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு துண்டை மட்டும் கொடுத்துவிடுவது

இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ரயில் நின்று சில வருடம் போனதும் யாராவது வந்து கேட்பார்கள்: "கொஞ்ச இடம்தானே, வாகனம் நிறுத்தத் தாருங்கள், வருடா வருடம் பெர்மிட் புதுப்பிக்கிறோம்." நான் வேலை செய்த ஒரு நகரத்தில் அப்படிக் கொடுத்தார்கள். முதலில் தகரக் கூரை வந்தது, அப்புறம் மதில், அப்புறம் மாடிக் கடை. பஸ் பாதைத் திட்டம் வந்தபோது வழக்கில் போய் நின்றது. மிச்சப் பாதை முழுக்க வெறுமையாகக் கிடந்தும் ஒரு பஸ்கூட ஓடவில்லை. கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பெர்மிட் கொடுத்த அலுவலகம்தான் யோசித்திருக்க வேண்டும்.

ரயில் பாதையின் பெறுமதி அதன் முறியாத நீளத்தில் இருக்கிறது. நகர நடுவில் அப்படியொரு நீளக் காணியை இன்று புதிதாக எடுப்பதென்றால் எத்தனை காணி உறுதிகளைத் தேட வேண்டும், எத்தனை வீடுகளை இடிக்க வேண்டும்! நடுவில் ஒரு துண்டு போனால் மேம்பாலம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நெரிசல் வீதிக்குள் இறங்கிச் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகு அது வழக்கமான பஸ்தான்.

லண்டனில் பிளாக்வோல் ரயிலின் பயணிகள் சேவை 1926இல் நின்றது. அதன் பழைய பாலங்களை இடிக்காமல் வைத்திருந்ததால்தான் 1987இல் டொக்லண்ட்ஸ் இலகு ரயிலை அவற்றின் மேல் விட முடிந்தது. எங்கள் வடக்குப் பாதையையே பாருங்கள். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் போர்க்காலப் பதுங்குகுழிகளுக்குப் போயின. இரும்பு போன பிறகும் வழி மிஞ்சியிருந்ததால் 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்பப் போனது.

சரி, வெறுமையாக விட்டாலும் ஆக்கிரமிப்பு வருமே என்றால், நடைபாதை போடுங்கள், சைக்கிள் விடுங்கள். ஆனால் இது போக்குவரத்துக்கு ஒதுக்கிய காணி என்று முதல் நாளே எழுத்தில் வையுங்கள். அமெரிக்கா 1983இல் சட்டத்தைத் திருத்தியது இதற்காகத்தான்: நடைபாதையாகப் பாவித்தாலும் அந்த வழி சட்டப்படி கைவிடப்பட்டதாகாது, பின்னர் ரயில் திரும்ப வரலாம்.

பழைய ஸ்டேசனிலேயே நிறுத்தம் வைப்பது

பாதை இருக்கிற இடமும் சனம் போகிற இடமும் ஒன்றல்ல. திருகோணமலை ஸ்டேசனில் பெட்டியோடு இறங்குகிறவர் சந்தைப் பக்கம் போக ஓட்டோ தேடுவதை நாங்கள் பார்க்கிறோம். பாரிஸில் நகரைச் சுற்றிய பழைய ரயில் வளையம் 1934இலேயே பயணிகளை இழந்தது. டிராம் வந்தபோது, 2006இல், அதைப் பக்கத்துப் பெருவீதியிலேயே ஓடவிட்டார்கள். பழைய பாதை பள்ளத்திலும் சுரங்கத்திலும் போகிறது. வீதியிலிருக்கிறவருக்கு அது எட்டாது.

கடவைகளை மறப்பது

வீதி பாதையைக் குறுக்கிடும் இடம்தான் கடவை. நாளுக்குச் சில ரயில் போன கடவையில் 5 நிமிடத்துக்கொரு டிராம் விட்டால், இரு திசைக்கும் மணிக்கு 24. தடவைக்கு 40 வினாடி மூடினாலும் மணிக்கு 16 நிமிடம் வீதி நிற்கும். அம்புலன்சும் அதே வரிசையில்தான் நிற்கும்.

மதகுகளை அடைப்பது

பாதைக்கு அடியால் மழைத் தண்ணீர் போவது மதகுகளால்தான். மார்கழி மழைக்கு முன் ஒவ்வொன்றையும் போய்ப் பாருங்கள்.

பழைய மண்ணை அப்படியே தோண்டுவது

சிலிப்பர் கட்டை உக்காமலிருக்கப் பூசிய கிரியோசோட் எண்ணெயும் களைக்கொல்லியும் ஊறியிருக்கலாம். முதலில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.