காரைக்குடியிலிருந்து மூணாறு, டாப்ஸ்லிப், பரம்பிக்குளம்: எல்லை தாண்டும் கார் பயணத்துக்குத் திட்டம் போடுவது எப்படி?

தொண்டிக் கடற்கரையில் தொடங்கி சிவகங்கை, மதுரை, தேனி, போடி வழியாக மூணாறு ஏறி, கொச்சியில் முடிகிறது தேசிய நெடுஞ்சாலை 85. தேவகோட்டைக்காரர்கள் காளையார்கோவிலிலேயே அதைப் பிடித்துவிடலாம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தவர்கள் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அந்தச் சாலையில் மூணாறு ஏறி, மறையூர் வழியாக உடுமலைப்பேட்டையில் இறங்கி, பொள்ளாச்சியில் தங்கி டாப்ஸ்லிப்பும் பரம்பிக்குளமும் பார்த்துவிட்டு, பழனி, திண்டுக்கல், நத்தம் வழியாகத் திரும்பினால் ஒரு முழு வட்டம். பாம்பாடும் சோலை, இரவிகுளம், ஆனைமலையிலுள்ள இந்திரா காந்தி தேசியப் பூங்கா, நடுவே சின்னாறு சரணாலயம், கடைசியில் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் எல்லாம் இதற்குள் வந்துவிடும். மூணாறுக்குப் பக்கத்தில் தமிழக எல்லைக்குள் இருக்கும் டாப் ஸ்டேஷனைக் கணக்கில் சேர்க்காமலே கேரள எல்லையை நான்கு தடவை தாண்ட வேண்டியிருக்கும்.

இதற்கு ஐந்து நாள் வையுங்கள். மூன்று நாளில் முடித்துவிடலாம் என்கிறவர்கள் கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். காரைக்குடியிலிருந்து மூணாறு சுமார் 240 கி.மீ.தான். ஆனால் மலையில் நம் நாளைத் தீர்மானிப்பது வனத்துறை கேட் திறக்கும் நேரமும் மூடும் நேரமும். முதலில் கேட் நேரங்களை எழுதிக்கொண்டு, அதற்கேற்ப ஓட்டும் நேரத்தைப் பொருத்துங்கள்.

எந்த மாதம் போகலாம்?

முன்னோருக்குப் படைக்கும் மாசிப் படைப்புக்கும் சிவராத்திரிக்கும் ஊருக்கு வரும் வெளியூர்ச் சொந்தங்களை அப்படியே மூணாறுக்கு அழைத்துப் போகலாம் என்று பல வீடுகளில் திட்டம் போடுவார்கள். இரவிகுளம் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் திட்டம் உதவாது. வரையாடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்கா மூடியிருக்கும். சில ஆண்டுகளில் ஜனவரி கடைசியிலேயே மூடிவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும். அப்போது தேவிகுளம் பக்கம் கேப் ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது வழக்கம். ஐப்பசி அடைமழையில் போடி மலைச்சாலையில் பாறை உருளும். செப்டம்பரும் டிசம்பர் தொடங்கி ஜனவரி நடு வரையும் நல்ல காலம், அதிலும் கிறிஸ்துமஸ் விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜனவரிக் காலையில் மூணாறில் புல் மேல் உறைபனி படியும். நம் ஊர் மார்கழிப் பனிக்கு எடுக்கிற சால்வை அங்கே காணாது; ஸ்வெட்டர், காதுக்குல்லாய், காலுறை வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்காகப் போகிறவர்கள் பொறுத்திருக்க வேண்டும். 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030இல்தான்.

வண்டியும் தாள்களும்

சொந்தக் கார் என்றால் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் போதும். புகைச் சான்று காலாவதியாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். கேரளத்தில் 2023 ஜூன் முதல் கேமரா வைத்து அபராதம் போடுகிறார்கள். சீட் பெல்ட் போடாவிட்டாலோ ஓட்டும்போது போன் பேசினாலோ சீட்டு வீட்டுக்கே வந்துவிடும்.

வேன் அல்லது டெம்போ டிராவலர் பிடிக்கிறீர்கள் என்றால் பர்மிட்தான் முதல் கேள்வி. வெளிமாநில பர்மிட்டும் வரி கட்டிய ரசீதும் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, ரசீதைக் கண்ணால் பாருங்கள். “போடிமெட்டு செக்போஸ்ட்டில் பார்த்துக்கலாம் அண்ணே” என்று டிரைவர் சொன்னால் வேறு வண்டி பாருங்கள். வெள்ளை போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்கான காரை, வாடகைக்கு எடுத்துப் போகாதீர்கள்; விபத்து நேரத்தில் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும்.

இனி பிரேக். நம் பக்கத்துச் சமதளச் சாலையில் எத்தனை வருடம் ஓட்டினாலும் பழைய பிரேக் ஆயில் தன் குணத்தைக் காட்டாது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலை இறக்கத்தில் விடாமல் மிதிக்கும்போது சூடேறி, அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கிக்கொடுக்கும், ஆயில் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் புறப்படும் முன் மாற்றிவிடுங்கள். பிரேக் பேடு, டயர், கூலன்ட், ஸ்டெப்னி காற்று எல்லாவற்றையும் அதோடு பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கும்போது, அதே ஏற்றத்தை எந்த கியரில் ஏறியிருப்பீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் நிலை. பிரேக்கை அழுத்தி மிதித்து விடுங்கள், கால் அதிலேயே படுத்திருக்கக் கூடாது. கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டைத் தணிக்கிறேன் என்று தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

ஏற்றத்தில் நம் ஊர் டிரைவர்கள் செய்கிற தவறு, முன்னால் பஸ் நின்றால் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது. நாலு வளைவுக்குள் கிளட்ச் பிளேட் வாடை வந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, அதை விட்டுக் கிளம்பிப் பழகுங்கள். குறுகிய இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி.

நாள் வாரியாக

முதல் நாள் விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் தேனிக்கு ஒன்பது மணிக்குள் போய்விடலாம். போடியில் டேங்க்கை நிரப்புங்கள், கேரளத்தில் விலை கூடுதல். முந்தலில் ஏற்றம் தொடங்கும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையிலேயே நெய் சொட்டும் பணியாரமும் கும்மாயமும் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதி மலையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். இரண்டு இட்லி போதும், பலகாரத்தை மேலே போய்ப் பிரிக்கலாம். பிற்பகலில் போடிமெட்டில் மூடுபனி இறங்கிவிடும் என்பதால் மதியத்துக்குள் அதைத் தாண்டுவது நல்லது. பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு. அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டாம் நாள் மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன், அதைத் தாண்டி பாம்பாடும் சோலை வழியாக வட்டவடை. பாம்பாடும் சோலை வெறும் 1.32 சதுர கி.மீ. பரப்புள்ள தேசியப் பூங்கா. காட்டுச் சோதனைச் சாவடியில் பெயர் எழுதிவிட்டுத்தான் விடுவார்கள், நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. வட்டவடைப் பூண்டு வாங்கிக்கொண்டு வெளிச்சத்திலேயே திரும்பிவிடுங்கள். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு வரும் பழைய எஸ்கேப் ரோட்டைச் சில வரைபடங்கள் இன்னும் காட்டுகின்றன. அது மூடிப் பல்லாண்டு ஆகிறது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இரவிகுளத்தை மூன்றாம் நாளுக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு: உடுமலைப்பேட்டைச் சாலையில், அதாவது நாம் இறங்கப் போகிற வழியிலேயே இருக்கிறது. அறையைக் காலி செய்து சாமானை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்த முதல் நேரச் சீட்டோடு போங்கள். பூங்காவில் பயணிகளை விடும் பகுதியான ராஜமலைக்கு வனத்துறை பஸ்ஸில்தான் ஏற்றிப் போவார்கள். 2,695 மீட்டர் உயர ஆனைமுடி இந்தப் பூங்காவுக்குள்தான். வரையாடு பாதையோரத்திலேயே மேயும், தொடவோ தீனி கொடுக்கவோ கூடாது. பதினொரு மணிக்கு மறையூர்ப் பக்கம் கிளம்பினால் சந்தனக் காடும் பெருங்கற்காலக் கற்திட்டைகளும் பார்த்து, மறையூர் வெல்லம் வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்குச் சின்னாறு சாவடியைத் தாண்டலாம். சின்னாறு மழை மறைவுப் பகுதி, முள்ளும் கற்றாழையுமாக நம் ஊர்ப் பொட்டல் போலவே இருக்கும். யானை சாலைக்கு வருவது இங்கேதான் அதிகம். குறுக்கே நின்றால் நூறு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். என்ஜின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், லைட்டை டிம்மில் வையுங்கள், யாரும் இறங்க வேண்டாம். அது நம்மை நோக்கி நடந்தால் மெல்ல ரிவர்ஸ் எடுங்கள். பின்னால் ஒட்டி நிற்கிற வண்டிதான் அப்போது ஆபத்து, அதனால் நிறுத்தும்போதே ஹசார்டு லைட்டைப் போட்டுவிடுங்கள். இருட்டும் முன் உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி.

நான்காம் நாள்தான் எல்லை வேடிக்கை காட்டும். பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்தது, ஆனால் கேரளத்திலிருந்து அதற்குச் சாலை கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சாவடியில் தமிழக வனத்துறைக்குக் கட்டணம் கட்டி, டாப்ஸ்லிப்பைத் தாண்டி, கேரளச் சாவடியில் மறுபடியும் கட்ட வேண்டும். இரு சக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. ஒருநாள் பயணிகள் ஆனைப்பாடியில் காரை நிறுத்திவிட்டு வனத்துறைச் சிற்றுந்தில்தான் கன்னிமாராத் தேக்கு என்கிற பழம்பெரும் மரமும் அணையும் பார்க்கப் போக வேண்டும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே சேத்துமடைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முதல் நாளே இறக்கி வையுங்கள். சில்லறையும் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் சாவடியிலேயே பிடிபடும். புளிச்சோறு, சீடை, கைமுறுக்கு, மாவுருண்டை எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்கிலும் டப்பாவிலும் கட்டுங்கள். குரங்குக்குக் கேரியர் மூடி ஒரு பொருட்டில்லை, அதனால் டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். மழைக்காலத்தில் சோலைக்குள் நடந்தால் அட்டை கடிக்கும். பிடித்து இழுக்காமல் உப்பைத் தூவினால் விழுந்துவிடும்.

ஐந்தாம் நாள் பழனி, திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாக காரைக்குடி, சுமார் 235 கி.மீ. தைப்பூசத்தை ஒட்டி வருகிறீர்கள் என்றால், நகரத்தார் காவடியும் மற்ற பாதயாத்திரைக் கூட்டமும் இதே சாலையில் விடிய விடிய எதிரே வரும். அந்த வாரம் பழனியில் பகலிலேயே தரிசனத்தை முடித்துக்கொண்டு கிளம்பி, நத்தத்தை வெளிச்சத்திலேயே தாண்டிவிடுங்கள். முடியாவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து நான்குவழிச் சாலையில் மதுரை போய் மேலூர் வழியாகச் சுற்றி வாருங்கள்.